இலவச இசை நிகழ்ச்சிகளில் வரலாற்றைக் கேட்க முடியுமா?

ஜூன் 28

வாசகர் ஒருவர் முன்வைத்த கருத்து: “பூங்காக்களிலும் சமூக மன்றங்களிலும் நடக்கும் இலவச இசை நிகழ்ச்சிகள் மாலைப்பொழுதைக் கழிக்க நல்லவை. ஆனால் அவற்றின் வழியாக நம் வரலாற்றைச் சொல்கிறோம் என்று மேடையில் அறிவிக்கும்போது எனக்கு உடன்பாடில்லை. வரலாறு ஆவணங்களில் இருக்கிறது. நூலகத்துக்குப் போனால் கிடைக்கும். பாட்டில் இருப்பது உணர்ச்சி மட்டுமே. மறுப்பவர் உண்டா?”

ஜூன் 28, இரவு

நான் மறுக்கிறேன். சென்ற வாரம் இங்கே சிங்கப்பூரில், மரினா விரிகுடாவை ஒட்டிய திறந்தவெளி மேடையொன்றில் நடந்த இலவச நிகழ்ச்சிக்கு என் பெரியம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். அவருக்கு 88 வயது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. கூட்டத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் மாட்டார். அன்று இந்திய விடுதலை இயக்கக் காலத்துப் பாடல்களை வயலின், கிளாரினெட், தபேலா ஆகியவற்றோடு ஒரு குழு வழங்கிக்கொண்டிருந்தது. ‘கதம் கதம் படாயே ஜா’ (அடிமேல் அடி வைத்து முன்னேறு) என்னும் படைநடைப் பாட்டு தொடங்கியதும் பெரியம்மாவின் ஊன்றுகோல் தரையில் தாளம் தட்டத் தொடங்கியது. இந்தியில் ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாத அவர், முதல் இரண்டு அடிகளை உதடசைத்துப் பாடினார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவரை அறிவேன். அந்தப் பாட்டை அவரிடமிருந்து அதுவரை கேட்டதில்லை.

அறிவிப்பாளர், அது இந்தியாவில் உருவாகி இசைத்தட்டுகள் வழியாக இங்கு வந்த பாட்டு என்று சொன்னார். அது சரியன்று. மலாயாப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த கூர்க்கா வீரர் ராம் சிங் தாக்குரியே அதற்கு இசையமைத்தவர். 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியப் போர்க்கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து இந்த ஊரில் உருவான படை அது. 1943 ஜூலை 5 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அந்தப் படையைப் பார்வையிட்டு, ‘டில்லி சலோ’ என்று முழங்கிய பாடாங் திடல், நாங்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அந்த மைதானத்தில் கேட்ட பாட்டைத்தான் பெரியம்மா 80 ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் வைத்திருந்திருக்கிறார். இதை எந்த ஆவணம் எனக்குச் சொல்லியிருக்கும்?

ஜூன் 29

அறிவிப்பாளரைக் குறை சொல்வது பெருந்தன்மையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கையில் யாரோ எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கவும் ஒத்திகை பார்க்கவும் பல வாரம் செலவிடுகிறவர்கள், பாட்டுக்கு முன்னால் சொல்லும் நான்கு வரிகளைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வரலாறு சொல்கிறோம் என்று மேடையேறியவர்களுக்கு அந்தக் கடமை உண்டு. இந்த அளவில் முதல் வாசகரோடு நான் உடன்படுகிறேன்.

ஜூலை 1

இலவசக் கச்சேரியைச் சிறு பொழுதுபோக்காக எண்ணுகிறவர்கள், இந்நாட்டின் அரசாங்கம் தன் முதல் ஆண்டில் எதைச் செய்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1959இல் தன்னாட்சி கிடைத்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம் கலாசார அமைச்சரானார். அந்த ஆண்டு ஆகஸ்டில் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், ‘அனேக ராகம் ரக்யாட்’ என்ற பெயரில் மக்களுக்கான திறந்தவெளிக் கலை நிகழ்ச்சிகள் தொடங்கின. மலாய்ப் பெயர்தான், ஆனாலும் அனேகம், ராகம் என்னும் சொற்களை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மலாய்ப் பாட்டும் சீன இசையும் இந்திய நடனமும் ஒரே மேடையில், ஒரே மாலையில் நடந்தன. அதற்கு முன்னால் அவரவர் கலையை அவரவர் கோயிலிலும் சங்கத்திலும் கேளிக்கைப் பூங்காவிலும் பார்த்துவந்த மக்கள், பக்கத்து வீட்டுக்காரரின் இசையைக் கேட்கப் புல்தரையில் உட்கார்ந்தார்கள்.

நாட்டுப்பண்ணையும் அதே ஆண்டில்தான் மக்கள் முதன்முறையாகக் கேட்டார்கள். சுபிர் சயித் அதை அமைத்தார். சுமத்ராவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து வந்து, திரைப்பட நிறுவனங்களில் இசையமைத்து வாழ்ந்தவர் அவர். ஒரு நாட்டின் பிறப்பை அதன் பாட்டிலிருந்து தொடங்கிச் சொல்வது மிகை என்று நான் கருதவில்லை.

ஜூலை 2

நேற்றைய குறிப்பில் பிழை இருக்கிறது, சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ‘மாஜுலா சிங்கப்பூரா’ முதன்முதலில் அரங்கேறியது 1958 செப்டம்பர் 6 அன்று, விக்டோரியா அரங்கில். அப்போது அது நகர மன்றத்தின் நிகழ்ச்சிகளுக்காக எழுதப்பட்ட பாட்டு. அதைச் சற்றே சுருக்கி, மாநிலப் பண்ணாக 1959 டிசம்பர் 3 அன்று அறிமுகப்படுத்தினார்கள். 1965இல் அது நாட்டுப்பண் ஆயிற்று.

இந்தத் திருத்தம் என் வாதத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது. நாடு பிறந்தபின் அதற்கென்று எழுதப்பட்ட பாட்டு என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில், நாடே இல்லாதபோது ஒரு நகராட்சிக்காக எழுதிய பாட்டு ஏழு ஆண்டுகள் காத்திருந்து ஒரு நாட்டுக்கு உரியதாயிற்று. சுபிர் சயித் அதை எழுதியபோது இவ்வளவையும் எதிர்பார்த்திருக்க வழியில்லை.

ஜூலை 5

இன்று 1943 ஜூலை 5ஐ நினைவூட்டும் நாள் என்பதால் பெரியம்மாவிடம் பாடாங் திடலைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்து, “நான் எங்கே தம்பி பாடாங்குக்குப் போனேன்? அப்போது நாங்கள் தோட்டத்தில் அல்லவா இருந்தோம்?” என்றார். ஜூன் 28 அன்று நான் அவ்வளவு உறுதியாக எழுதிய வாக்கியம் பொய்யாயிற்று. அவருடைய வயதையும் பாட்டையும் இடத்தையும் நானே சேர்த்துக் கட்டிய கதை அது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்காமல் எழுதிவிட்டேன்.

அப்போது அவருக்கு ஆறு வயது. குடும்பம் மலாயாவின் ஜொகூரில் ஒரு பால்மரத் (ரப்பர்) தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தது. சிங்கப்பூருக்கு அவர் வந்தது திருமணத்துக்குப் பின், 1950களில். அப்படியானால் அந்தப் பாட்டை எங்கே கேட்டார்? போருக்குப் பிறகு, 1950இல், அது ஓர் இந்தித் திரைப்படத்திலும் இடம்பெற்றது. வானொலியில் அதைக் கேட்டு, தன் சிறுவயதோடு சேர்த்துவிட்டாரோ என்று ஐயப்பட்டேன். நினைவு இப்படி இடம் மாற்றி வைப்பது வழக்கம்தான்.

ஆனால் அவர் சொன்ன ஒரு செய்தி ஐயத்தை நீக்கியது. படைக்கு ஆள் சேர்க்கவும் நன்கொடை திரட்டவும் தொண்டர்கள் தோட்டத்துக்கு வந்தபோது அந்தப் பாட்டைப் பாடினார்களாம். லயத்துப் பிள்ளைகளுக்கு ‘கதம்’ என்றால் என்னவென்று தெரியாது. ‘கடம், கடம்’ என்றே அவர்கள் காதில் விழுந்தது. குடத்தைத்தான் பாடுகிறார்கள் என்று எண்ணி, மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்களாம். கங்காணி துரத்தியது வரை அவருக்கு நினைவிருக்கிறது. பெரியவளான பின் வானொலியில் கேட்டவர் இப்படித் தகரம் தட்டியிருக்க மாட்டார். மேடைக்கு முன்னால் ஊன்றுகோல் தட்டிய தாளம் அந்தத் தகரத்தின் தாளம்.

படையில் சேர்ந்துவிட்டால், ஜப்பானியர் ரயில் பாதை போட ஆள் கொண்டுபோன சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) போக வேண்டியதில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதையும் சொன்னார். நாங்கள் பள்ளியில் படித்தபோது இந்த இரண்டும் தனித்தனிச் செய்திகளாக வந்தன. ஒரே லயத்தில், ஒரே மாதங்களில், ஒரே குடும்பத்தின் முன்னால் இரண்டும் வந்து நின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் தாத்தா படையில் சேரவில்லை. சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. ‘பாம்பு பொங்கும் காட்டில் போய்விட்டார்’ என்று வீட்டில் சொல்வார்கள்.

ஜூலை 8

இன்று வேலை முடிந்தபின் எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போனேன். 1945 ஜூலை 8 அன்று போஸ் அங்கே இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். ‘இத்தெஃபாக், இத்மாத், குர்பானி’ என்று அதில் பொறித்தார்கள்: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். அதே செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். 1995இல் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைக்கப்பட்டது. சின்னத்தை இடித்தவர்களால் ஜொகூர்த் தோட்டத்துத் தகரத் தாளத்தை இடிக்க முடியவில்லை. உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்று முதல் வாசகர் சொல்லலாம். பலகைக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுவே. மாற்றி எழுத மனம் வரவில்லை.

ஜூலை 13

நேற்று மாலை பூமலையில் ஓர் இலவச இசை நிகழ்ச்சி. முதன்முறை போகிறவர்களுக்காகச் சில சொற்கள். மேடை ஒரு குளத்தின் நடுவே தீவுபோல் அமைந்திருக்கிறது. எதிரே சரிந்திருக்கும் புல்தரையில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் மர நிழல் கிடைக்கும். பாய், தண்ணீர், மழைச்சட்டை மூன்றும் வேண்டும். முதியவர்களை அழைத்துச் சென்றால் மடக்கு நாற்காலியைச் சரிவின் மேற்புறம் போடுங்கள்; ஈரப் புல்லில் அதன் கால் புதைந்துவிடும். இதே தோட்டத்தில் 1930இல் கட்டிய எண்கோண வாத்திய மண்டபம் இன்னும் நிற்கிறது. அங்கே இராணுவ வாத்தியக் குழுக்கள் வாசித்த காலத்தில் யாருக்காக வாசித்தார்கள் என்பதையும், 1959இல் அதே தோட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு அந்த மண்டபத்தைக் கடந்து போனேன்.

நிகழ்ச்சியின் பிற்பகுதியில் இந்நாட்டுச் சமூகப் பாடல்களைத் தொகுத்து வாசித்தார்கள். ஆசிரியர் எஸ். ஜேசுதாசன் 1960களில் இயற்றிய ‘முன்னேறு வாலிபா’ வந்தபோது, பக்கத்துப் பாயில் இருந்த சீனப் பெண்மணி அதைத் தமிழிலேயே முழுவதும் பாடினார். றகரத்தைக்கூட விடவில்லை. தொடக்கப்பள்ளியில் கற்றதாம். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “வாலிபா என்பவர் யார்?” என்று கேட்டார். இளைஞன் என்று பொருள் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக வாலிபா என்ற ஒரு தலைவரை முன்னேறச் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாராம். தன் அக்காவுக்கு உடனே கைப்பேசியில் செய்தி அனுப்பினார். அக்காவும் அப்படியே நினைத்திருந்தாராம். நானும் காலமெல்லாம் மலாயில் நாட்டுப்பண் பாடியவன் என்பதால் அவரோடு சேர்ந்து மனம்விட்டுச் சிரித்தேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு முதியவர், ஃபோர்ட் கானிங் குன்றின் சரிவில் இருந்த தேசிய அரங்கைப் பற்றித் தம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல் என்று மக்களிடம் திரட்டிய நன்கொடை அதன் செலவுக்குத் துணை நின்றது. 1963இல் திறந்து, 1986இல் இடிக்கப்பட்ட அரங்கம். பக்கச் சுவர்கள் கிடையாது. மழை பெய்தால் சாரல் உள்ளே வரும். “என் ஒரு வெள்ளியும் அதில் இருந்தது” என்று அவர் மூன்று முறை சொன்னார். மேடையில் அப்போது என்ன வாசித்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

ஜூலை 15

“1959இன் கச்சேரிகளானாலும் தேசிய தினப் பாடல்களானாலும் அரசாங்கத்தின் பிரசாரம்தானே? பிரசாரத்தை வரலாறு என்று எப்படிக் கொள்வது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த நிகழ்ச்சிகளுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அதை யாரும் மறைக்கவும் இல்லை. தொண்டர்கள் தோட்டத்தில் பாடியதும் ஆள் சேர்ப்பதற்கே. ஆனால் பாடுகிறவர் எண்ணியது ஒன்றாகவும் கேட்கிறவர் எடுத்துக்கொண்டது மற்றொன்றாகவும் இருப்பதை இந்த இழையிலேயே இரண்டு முறை பார்த்துவிட்டோம். படைநடைப் பாட்டைப் பிள்ளைகள் குடப்பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். இளைஞரை எழுப்பும் பாட்டை ஒரு சிறுமி, பெயர் தெரிந்த ஒருவருக்கான வாழ்த்தாக எடுத்துக்கொண்டாள். பாட்டை ஆவணமாகக் கொள்ள வேண்டுமானால், அதில் எழுதியிருப்பதோடு நிற்காமல், அது எப்படிக் காதில் விழுந்தது என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும். தேசிய ஆவணக்காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிந்து வருகிறது. அது போற்றத்தக்க பணி. நேர்காணலில் “அக்காலத்தில் என்ன பாட்டுக் கேட்டீர்கள்?” என்று கேட்டால் பெரியம்மா “ஒன்றும் நினைவில்லை” என்றே சொல்லியிருப்பார். பாட்டு முதலில் ஒலிக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் எழுதியதைவிட இப்போது எனக்குத் தெளிவாகியிருப்பதைச் சொல்கிறேன். இலவச நிகழ்ச்சியில் வரலாறு மேடையில் இருப்பது கொஞ்சமே. பெரும்பகுதி பாயில் உட்கார்ந்திருக்கிறது. மேடை தவறாகச் சொன்னாலும் பாயில் இருப்பவர்கள் திருத்துவார்கள், அவர்கள் அங்கே வந்திருந்தால்.

ஜூலை 19

வர முடிகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. சென்ற ஆண்டு, பழைய பாடல்களின் இலவச நிகழ்ச்சி ஒன்றுக்கு இணையத்தில் பதிவு செய்தால்தான் அனுமதி என்றார்கள். பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்தன. எனக்கு ஓர் இடம் கிடைத்தது, பெரியம்மாவுக்குக் கிடைக்கவில்லை. போய்ப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு நாற்காலிகள் காலி. இலவசம்தானே என்று பதிவு செய்தவர்கள் வரவில்லை. வர விரும்பியவர்களுக்குப் பதிவு செய்யத் தெரியவில்லை. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. முதியவர்களின் காலத்துப் பாட்டைப் பாடுகிறவர்கள், வாசலில் நேரே வந்து நிற்கும் முதியவருக்கென்று சில இடங்களை ஒதுக்க வேண்டும்.

ஜூலை 26

தமிழரல்லாத நிகழ்ச்சிகளுக்குப் போவதால் நமக்கு என்ன பயன் என்று ஒரு வாசகர் கேட்டதற்குச் சுருக்கமாக. சீனர்கள் இறந்தோரை நினைவுகூரும் ஏழாம் மாதத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிர்த்திடலில் கெத்தாய் என்னும் பாட்டு மேடை போடுவார்கள். முதல் வரிசை நாற்காலிகளில் யாரும் உட்காரக் கூடாது, அவை இறந்தவர்களுக்கு. முதலில் போனபோது விவரம் தெரியாமல் அங்கே உட்காரப் போன என்னை ஒரு பெண்மணி மெதுவாகக் கையைப் பிடித்துப் பின்வரிசைக்கு அழைத்துச் சென்றார். ஹொக்கியன் என்னும் சீனக் கிளைமொழிப் பாட்டுகளின் பொருள் எனக்குத் தெரியாது. முன்னோர்க்கு ஒரு வரிசையை ஒதுக்கிவிட்டுப் பாடத் தொடங்கும் வழக்கம் தெரிந்தது.

2014இல் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் நடந்த ஷின்யாவ் நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சீன நண்பர் அடிக்கடி பேசுவார். அதுவும் இலவசமே. 1980இல் நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டபின், சீனமொழியில் படித்த இளையர்கள் கிட்டாரோடு பாடிய பாடல்கள் அவை. நட்பையும் பிரிவையும் பாடும் மென்மையான பாட்டுகளாகவே என் காதில் விழுந்தன. ஒரு மொழியில் படித்ததன் மதிப்பு தம் கண்ணெதிரே குறைந்ததைப் பாடுகிறோம் என்று நண்பர் சொன்ன பிறகு மறுபடி கேட்டேன். 1982இல் மூடப்பட்ட உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியின் மாணவர்கள் கிட்டார் எடுத்திருந்தால் என்ன பாடியிருப்பார்கள் என்று அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2

மேடையில் ஏறாத பாட்டைப் பற்றி எழுத வேண்டும்.

சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் சேர்ந்தன. போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களின் தமிழர்களும் பெருந்தொகையாக அங்கே மடிந்தார்கள். படைநடைப் பாட்டு மேடைக்கு வந்துவிட்டது. அங்கே மடிந்தவர்களுக்கான பாட்டை எந்தத் திறந்தவெளி மேடையிலும் நான் கேட்டதில்லை. அப்படி ஒரு பாட்டு இல்லாமலும் இல்லை. என் பாட்டி ஒப்பாரி வைப்பார். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டுச் சாவில், பிறர் இறந்தவரைப் பாட, பாட்டி தம் கணவரைப் பாடினார். ‘பாம்பு பொங்கு’ என்ற சொல் மட்டும் என் காதில் தங்கியது. பாம்புகள் பொங்கி வரும் காட்டில் தாத்தா நிற்பதாகப் பல இரவுகள் பயந்தேன். ஜூலை 5 குறிப்பில் எழுதிய வழக்கு அங்கிருந்து வந்ததே.

அந்த ஒப்பாரியைப் பாடிக் காட்டுமாறு இன்று பெரியம்மாவைக் கேட்டேன். “சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடலாமா? விளக்கு எரிகிற வீட்டில் இதைக் கேட்கிறாயே” என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னது நியாயம். இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். எல்லாப் பாட்டையும் மேடையேற்றலாம் என்று இத்தனை நாள் எழுதியவன், எந்த மேடையும் ஏற்க முடியாத பாட்டு ஒன்று இருக்கிறது என்பதை இன்று ஏற்றுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 3

நேற்றைய குறிப்பில் ‘எந்த மேடையும் ஏற்க முடியாத’ என்பதைவிட ‘மேடைக்கு உரியதல்லாத’ என்று எழுதியிருக்கலாம். முடியாமை மேடையின் குறையன்று.

ஆகஸ்ட் 10

நேற்றுத் தேசிய தினம். புளோக்கின் கீழே திரை கட்டி அணிவகுப்பைப் பார்த்தோம். நாட்டுப்பண்ணுக்குப் பெரியம்மா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். 2001இல் அதை ஜி சுருதியிலிருந்து எஃப் சுருதிக்கு இறக்கி, எல்லாரும் எளிதாகப் பாடும்படி மாற்றி அமைத்தார்கள் என்பதை இந்த இழையில் யாரும் சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. பள்ளி நாள்களில் உச்ச அடியை எட்ட முடியாமல் நாங்கள் திணறியது எனக்கு நினைவிருக்கிறது. பாட முடியாத பெரும்பான்மைக்காகச் சுருதியை இறக்கினார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆகஸ்ட் 17

நேற்று மாலை பெரியம்மாவே கேட்டதால் பூமலைக்குப் போனோம். அன்று நிகழ்ச்சி எதுவும் இல்லை. குளத்துக்கு எதிரே மடக்கு நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். சிறிது நேரம் வெறும் மேடையைப் பார்த்திருந்துவிட்டு, “இது வீடு இல்லை. ஆனாலும் பாட மாட்டேன். பேச்சாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்” என்றார். சொற்களுக்கு நடுவே மூச்சு விடும் இடங்களில் மட்டும் ராகம் தெரிந்தது. பதினாறு அடிகள் சொன்னார். அவருடைய அனுமதியோடு இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன்:

“மூணு மாசக் கூலியின்னு பாம்போங்கு போன ராசா,
மூங்கி வெட்டிப் போட்ட வழி முடிஞ்சும் நீ வரலையே.”

மூன்று மாத ஒப்பந்தம் என்று சொல்லியே ஆட்களை அழைத்துச் சென்றார்கள். நூல்களில் அப்படித்தான் இருக்கிறது. ‘பாம்போங்கு’ என்றதும் நான் நிறுத்தச் சொன்னேன். பாம்பு இல்லையா என்று கேட்டேன். “பாம்பா? ஊர்ப் பெயர் என்றுதான் அம்மா சொன்னார்” என்றார். கைப்பேசியில் தாய்லாந்து வரைபடத்தைத் திறந்தேன். பான் போங். மலாயாவிலிருந்து போன ரயில்கள் தொழிலாளர்களை இறக்கிவிட்ட நிலையம்; மரண ரயில் பாதை அதன் அருகில்தான் தொடங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, கணவர் இறங்கிய ரயில் நிலையத்தின் பெயரை ஒப்பாரியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். ஐம்பது ஆண்டுகளாக நான் அதைப் பாம்பு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ரயிலில் எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று கேட்டார். எழுதியதை ‘பான் போங்’ என்று திருத்திவிடவா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் என்று கையை அசைத்தார். “அம்மா பாம்போங்கு என்றுதான் பாடினார். அப்படியே இருக்கட்டும்.”